ஆணியில் தொங்கும் கயிறு

சகாயத்துக்கும் ஜெபாவுக்கும், நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும்,

போன வாரம் பட்டறையைக் கூட்டிச் சுத்தம் செய்தபோது, சாவி மாட்டும் ஆணியில் கிடக்கிற சணல் கயிற்றைக் காட்டி, "இந்தக் குப்பைய தூக்கிப் போடட்டுமாப்பா?" என்று சகாயம் கேட்டாள். "வேணாம்மா" என்று மட்டும் சொன்னேன். ஜெபா உடனே, "அப்பாவோட பழைய காதலி குடுத்த கயிறா இருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இன்னொரு நாள் நான் இல்லாத நேரத்தில் யாராவது அதைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். போடுவதற்கு முன்னால் அது என்ன கயிறு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். தகட்டில் கோணல் இருந்தால் தட்டிச் சரிசெய்துவிடுவேன். எழுத்தில் இருந்தால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"முன்னாடி லேசா இடிச்சிருக்கு, சின்ன வேலைதான்" என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிதான் எனக்கு எப்போதும் பயம். பெரிய அடியோடு வருகிற வண்டியில் நாமே எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்போம். சின்ன அடி நம்மை ஏமாற்றும். வண்டிக்காரர் அவசரப்படுவார், நாமும் அவசரப்படுவோம். இந்தக் கதை அப்படி ஒரு சின்ன அடியைப் பற்றியது.

நம் பட்டறை அப்போது சீர்காழியில் இதே இடத்தில்தான், கீற்றுக் கொட்டகையாக இருந்தது. தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். சிங்கப்பூர், துபாய் என்று போன பிள்ளைகள் லீவில் வந்து, அப்பா அம்மாவுக்குப் புதுசு புதுசாக ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தஞ்சாவூரில் புதுக் கார் கடைகள் திறந்திருந்தார்கள். கண்ணாடிக்குள் கார் நிற்பதைப் பார்க்கவே பஸ் ஏறிப் போனவர்கள் உண்டு.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கலியபெருமாள் ஐயா இருந்தார். நெல் விவசாயம். அவரிடம் அவருடைய அப்பா வாங்கிய பழைய கார் ஒன்று இருந்தது. உருண்டை முகம், பிதுங்கிய இரண்டு ஹெட்லைட், வாழைக்குருத்துப் பச்சை நிறம். ஊரே அதைத் தவளைக் கார் என்றுதான் சொல்லும். ஐயாவே அப்படித்தான் சொல்வார். அந்தக் காரை ஓட்டியவர் தங்கராசு. என்னைவிடச் சில வயது இளையவர். அவருடைய அப்பா ஐயாவின் வயலில் ஏர் ஓட்டியவர். அவர்கள் தெருவில் முதன்முதலாக ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் தங்கராசுதான். அதைத் தங்கராசு எப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலரில் கைக்குட்டை மடித்து வைத்துக்கொண்டு, அந்தக் காரை அவர் ஓட்டிப் போனால் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கும்.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். காலை வெயில் ஏறுகிற சமயத்தில் தங்கராசு அந்தக் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். இடப்பக்க ஹெட்லைட் வளையம் நசுங்கியிருந்தது. மட்கார்டில் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குக் குழி. கிரில்லில் இரண்டு கம்பி உள்ளே போயிருந்தது. பம்பர் ஓரம் மடங்கியிருந்தது.

"என்ன காப்பாத்துங்கண்ணே" என்றார்.

"மொதல்ல எறங்குய்யா. எங்க இடிச்ச?"

"நெல்லு காயப் போட்டிருந்தாங்கண்ணே, ரோட்டுல. பாதி ரோட்டுக்கு நெல்லு. ஐயா எப்பவும் சொல்லுவாரு, என்ன அவசரமா இருந்தாலும் நெல்லு மேல சக்கரத்த ஏத்தாதன்னு. அதான் ஓரமா ஒதுங்கினேன். நெல்லச் சுத்தி கல்லு வச்சிருந்தாங்க. கல்லா அது? எரும படுத்த மாதிரி கெடந்துச்சு. மேல வைக்கோல் கெடந்ததால கண்ணுக்குத் தெரியல."

நம் பக்கத்தில் அறுப்புக் காலத்தில் ரோடுதான் களம் என்பது உங்களுக்குத் தெரியும். வேற்றூர் டிரைவர் என்றால் நெல் மேலேயே ஏற்றிக்கொண்டு போயிருப்பார், வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தங்கராசு ஒதுங்கினார், இடித்துக்கொண்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. மறுநாள் விடியற்காலை திருக்கடையூரில் ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகன் சேகர் வந்திருந்தார். "இந்தப் பழச வித்துடலாம்ப்பா, வழியில எங்கயாவது உங்கள விட்டுடும்" என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம். ஐயா பிடிகொடுக்கவில்லை. "நானும் ஒங்கம்மாவும் மொதல்ல கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தது இந்தத் தவளையிலதான். இதுக்கும் இதுலதான் போவோம். அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் மகன் மனசு நோகக் கூடாது என்று, அன்றைக்குக் காலையில் மகனோடு, மகனுடைய சிநேகிதர் வண்டியில் தஞ்சாவூருக்குப் புதுக் கார் பார்க்கப் போயிருந்தார். பொழுது சாய வந்துவிடுவார்கள். வந்ததும் ஐயாவும் அம்மாவும் இந்தக் காரில் திருக்கடையூருக்குக் கிளம்ப வேண்டும்.

"புது வண்டி வந்தா அதுக்குப் படிச்ச டிரைவரா பாத்துக்கலாம்னு சின்னவரு சொல்றத நானே என் காதால கேட்டேண்ணே" என்றார் தங்கராசு. "இந்த அடியப் பாத்தாருன்னா, பாத்தீங்களாப்பா நான் சொல்லலன்னு ஒரே வார்த்தைதான். தவளையும் போவும், நானும் போவேன். திரும்ப வயக்காட்டுல எறங்க வேண்டியதுதான். பொழுது சாயுறதுக்குள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. நான் மறுபேச்சுப் பேசாமல் சுத்தியலை எடுத்துவிட்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. வண்டி உள்ளே வந்ததும் அடிபட்ட பக்கம் போனால் தலையில் குட்டுவார். "அங்க என்னத்தடா பாக்குற? அது எங்கயும் ஓடிப் போயிடாது. அடிபடாத பக்கத்தப் போய்ப் பாரு" என்பார். அத்தனை வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குச் செய்யவில்லை. ஸ்டீயரிங்கை விடாத தங்கராசுவைப் பார்த்தேன், சூரியனைப் பார்த்தேன், குழியைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். இரக்கம் வந்துவிட்டால் கை வேகமாக ஓடும். கண் அந்த அளவுக்குக் குறுகிவிடும். இதை நீங்கள் எங்கேயும் படிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

குழியை எப்படி எடுத்தேன், வளையத்தை எப்படி நிமிர்த்தினேன் என்றெல்லாம் எழுதவில்லை. அது உங்கள் கைக்கே தெரியும். பெரிய கவலை பெயிண்ட்தான். அந்தக் காலத்துப் பெயிண்டை ஈரக் காற்றில் அடித்தால் மேலே பால் பூத்து வெளுத்துவிடும். தை மாதத்தில் வெயில் சாய்ந்தால் போதும், பனி இறங்கத் தொடங்கிவிடும். அந்த வாழைக்குருத்துப் பச்சையைக் கலந்து கலந்து பார்த்து, பழைய நிறத்துக்குக் கிட்டே கொண்டுவருவதற்குள் உச்சி தாண்டிவிட்டது. தங்கராசு சும்மா நிற்க மாட்டாமல் உப்புத் தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க வந்தார்.

"பாத்திரம் வெளக்குற மாதிரி தேய்க்காதய்யா. பச்சப் புள்ள முதுகு தேய்க்கிற மாதிரி தேயி."

"எனக்கு எதுண்ணே பச்சப் புள்ள? என் பொண்ணு எட்டாவது படிக்குது. முதுகு தேய்க்கப் போனா என்னையே தள்ளி விட்டுடும்."

காலையிலிருந்து அவர் சொன்ன ஒரே தமாஷ் அதுதான். சொல்லிவிட்டு அவரே சிரிக்காமல் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தார். அவருடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மதியச் சோற்றைத் திறக்கவே இல்லை.

பெயிண்ட் அடித்து முடித்தபோது வெயில் இருந்தது. தள்ளி நின்று பார்த்தேன். பொய் சொல்லவில்லை, அடி இருந்த இடம் தெரியவில்லை. தங்கராசு கையெடுத்துக் கும்பிட்டார். "இருய்யா, மூடிப் பாத்துடுறேன்" என்று பானெட்டை இறக்கினேன்.

நல்ல பானெட் மூடினால் நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம் வரும். அன்றைக்குத் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி வந்தது.

திறந்து மறுபடி மூடினேன். அதே சத்தம். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் தடவை மூடினேன். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால், அடித்த பெயிண்டின் பளபளப்பில் காது மயங்கிவிடும். கண்ணை மூடினால்தான் சத்தம் தனியாகக் கேட்கும்.

அந்தக் காரின் பானெட் முன்பக்கமிருந்து மேலே தூக்குகிற மாதிரி. அதைப் பிடிப்பதற்கு ஒரு பூட்டு உண்டு. பூட்டு விட்டுவிட்டாலும் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி உண்டு. பூட்டு ஒரு நூல் அளவுதான் கவ்வியிருந்தது. கொக்கி கவ்வவே இல்லை, பக்கத்தில் உரசிக்கொண்டு நின்றது. அப்புறம்தான் பெரியவர் சொன்னபடி அடிபடாத வலப்பக்கம் போனேன். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருக்க வேண்டும். வலப்பக்கம் நகம் நுழையவில்லை. இடப்பக்கம் இரண்டு விரல் நுழைந்தது. கல் இடித்தது இடப்பக்கம்தான். ஆனால் ரேடியேட்டரைத் தாங்குகிற சட்டம் முழுக்க வலப்பக்கமாகத் தள்ளிப்போயிருந்தது. பூட்டும் கொக்கியும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன. நான் இவ்வளவு நேரமும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தங்கராசு, வண்டிய இன்னிக்குக் குடுக்க முடியாது."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "என்னண்ணே விளையாடுறீங்க? அதான் முடிஞ்சிடுச்சே."

"பானெட் நிக்காது. வேகத்துல காத்து உள்ள பூந்தா அப்படியே மேல தூக்கிடும். முன்னாடியே கழட்டிச் சட்டத்த நேராக்கணும். நாளைக்குத்தான் ஆவும்."

"நாளைக்கு எனக்கு எதுக்குண்ணே வண்டி?" என்றார். பிறகு, "கம்பி போட்டு முறுக்கி விடுங்க. திருக்கடையூர் போயிட்டு வந்ததும் நானே கொண்டாந்து விடுறேன்."

"வெளியில கம்பி தெரிஞ்சா கேக்க மாட்டாங்களா?"

"உள்ளாற கட்டுங்க."

"உள்ளாற கட்டிட்டு எப்படிய்யா மூடுறது? மூடினப்புறம் எப்படி முறுக்குறது? என் கை என்ன பாம்பா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன, பட்டறைக்காரரு. ஒரு வண்டி போனா இன்னொரு வண்டி வரும். எனக்கு இருக்கறது ஒரே வண்டி" என்றார்.

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. ஏனென்றால் அது நிஜம். பிள்ளைகளே, உங்களிடம் மறைக்கவில்லை, எனக்கு உள்ளே ஒரு தடுமாற்றம் வந்தது. திருக்கடையூர் என்ன தூரமா? தங்கராசு மெதுவாக ஓட்டுவார். அந்தப் பூட்டு ஒரு நூல் கவ்வியிருக்கிறதே, பிடித்தாலும் பிடிக்கும். இப்படியெல்லாம் மனசு எடுத்துக்கொடுத்தது. "பிடித்தாலும் பிடிக்கும்" என்ற வார்த்தை உங்கள் மனசில் வந்தால், அந்த வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். பிடிக்கும் என்று தெரிந்தால் மனசு அப்படிப் பேசாது.

வழி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். டிராக்டர் பட்டறையில் ஒரு பெரிய ஜாக்கி உண்டு. அதை வைத்துச் சட்டத்தைத் தள்ளினால், கொக்கியாவது கவ்வுகிற அளவுக்குக் கொண்டுவர முடியுமோ என்று தோன்றியது. "இருய்யா, வரேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வண்டிச் சாவி வண்டியிலேயே இருந்தது. அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

ஜாக்கியைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தால், பட்டறை வாசலில் வண்டி இல்லை. எதிரே டீக்கடை ராணியக்கா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கக்கா வண்டி?"

"உங்க டிரைவர் தம்பி ஒரு கயிறு கேட்டுச்சு. மூட்ட கட்டுற சணல் கயிறு குடுத்தேன். மாட்டுக்கா மனுசனுக்கான்னு கேட்டேன், சிரிக்கவே இல்ல. கட்டிட்டுப் போயிடுச்சு. ஏந்தம்பி, மொகம் ஏன் இப்படி ஆவுது?"

ஜாக்கியை அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டு மிதித்தேன். அந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவு வரும்போதும், வளைவுக்கு அந்தப் பக்கம் தவளைக் கார் வாயைப் பிளந்துகொண்டு வாய்க்காலில் கிடப்பது போல எனக்குத் தெரிந்தது. இன்னும் மோசமாக ஒன்று தெரிந்தது. பின்சீட்டில் பட்டுப் புடவை. அம்மா அப்போது வண்டியிலேயே இல்லை, வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வழியில் எதிரே வந்தவரிடம், "பச்சைக் கார் போச்சா?" என்று கேட்டேன். "போச்சு, போச்சு, நல்ல வேகம்" என்றார். மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். நான் கோயிலில்கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

கேட்டுக்கு முன்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றிய ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் தவளைக் கார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கயிற்றைப் பானெட் முனையில் கோத்துக் கிரில் வழியாக இழுத்துப் பம்பரில் கட்டியிருந்தார். கயிற்றை மட்டும் பார்த்தேன். கிரில் கம்பியின் விளிம்பு பட்ட இடத்தில் கயிறு பாதி அறுந்து, நார் நாராக நின்றது. பட்டறையிலிருந்து கேட் வரைக்கும் வந்ததற்கே இப்படி. கையால் ஒரு இழுப்பு இழுத்தேன். மீதியும் வந்துவிட்டது.

தங்கராசு உள்ளேயிருந்து, "அண்ணே, வேணாம்ணே, விடுங்கண்ணே" என்றார்.

பானெட்டின் முனையில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினேன். பூட்டு கவ்வியிருந்த அந்த ஒரு நூலும் விட்டது. பானெட் முழுசாக மேலே எழும்பி முன்கண்ணாடியை மூடிக்கொண்டது. எனக்கு அவர் தெரியவில்லை. அவருக்கு நான் தெரியவில்லை.

"தங்கராசு, முன்னாடி என்ன தெரியுது?"

பானெட்டை ஒரு தட்டுத் தட்டினேன்.

"கேக்குறேன்ல. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலண்ணே."

"பின்னாடி யாரு ஒக்காருவாங்க?"

டிராக்டரில் உட்கார்ந்திருந்தவர், "என்ன மேஸ்திரி, பட்டறைய கேட்டுக்கே மாத்திட்டீங்களா?" என்று கிண்டல் செய்தார். ரயில் போனது. கேட் திறந்தது. பஸ் போனது, டிராக்டர் போனது. எங்களுக்குப் பின்னால் லாரிக்காரரும் வேன்காரரும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். "யோவ், எடுய்யா! நடு ரோட்டுல என்னய்யா பண்றீங்க?" என்று திட்டினார்கள். நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கயிறு என் கையில் இருந்தது. சாவி அவரிடம் இருந்தது. அவர் கோபத்தில் ஒரு நிமிஷம் ஆக்சிலேட்டரை மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. அது இப்போதுதான் உறைக்கிறது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தங்கராசு இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். நானும் தள்ளினேன். ரோட்டோரப் புளியமரத்தடியில் நிறுத்தினோம். கேட்காமலே சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம். நீங்கள் கேலி செய்வீர்களே, "அப்பா இடுப்புல சாவிக்கொத்து இல்லாம தூங்கக்கூட மாட்டாரு" என்று.

"ஐயாகிட்ட நீங்க சொல்லிடுறீங்களாண்ணே?"

"நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

கேட் கீப்பரிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சைக்கிளை அவர் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து போனோம். நாங்கள் போன நேரம், ஐயாவும் சேகரும் தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். அம்மா தலையில் பூவோடு, கிளம்பத் தயாராக வாசலில் நின்றார். வாசலில் மூன்று பேரும் எங்கள் சைக்கிளைப் பார்த்தார்கள். பிறகு எங்களுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்கள், வண்டி எங்கே என்று.

தங்கராசு சொன்னார். நெல் காய்ந்ததை, ஒதுங்கினதை, கல்லை, என்னிடம் வந்ததை. ஐயா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதோடு தங்கராசு நிறுத்தியிருக்கலாம். வண்டியின் பட்டறை வேலை முடியவில்லை என்று சொன்னாலே போதும். கயிற்றைப் பற்றி என் வாயால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதை நான் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு இருக்குய்யா. பானெட் நிக்காதுன்னு அண்ணன் சொன்னாரு. நான் கேக்கல. கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு உங்களயும் அம்மாவயும் ஏத்திக்கிட்டுப் போகத்தான் வந்தேன். கேட்டு மூடலைன்னா வந்திருப்பேன்."

ஐயாவின் கண் முதலில் அம்மாவிடம் போனது, அப்புறம் தங்கராசுவிடம் வந்தது.

"கயிறு போட்டா எங்கள ஏத்த இருந்த?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமாங்கய்யா."

"நெல்லு மேல ஏத்திட்டு வந்திருந்தாக்கூட ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும். இது என்னடா?"

தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் பேசினார். "அவன் சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? தங்கராசு, மொதல்ல உள்ள வந்து தண்ணி குடி. ஒதடு வெடிச்சிருக்கு பாரு."

ஐயா என் பக்கம் திரும்பினார். "ஆரோக்கியம், வண்டி சரியாயிடுமா?" என்று கேட்டார்.

"ஆயிடும்ங்கய்யா. இன்னிக்கு ஆவாது."

"சரி. சேகர், ஒன் சிநேகிதர் வண்டியவே கேளு. அவருக்குத் திருக்கடையூர் வழி தெரியாது. தங்கராசு முன்னாடி ஒக்காந்து வழி சொல்லட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, வேலை போச்சு என்றும் சொல்லவில்லை. அறுபதாம் கல்யாணம் முழுக்கத் தங்கராசு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாராம்.

புளியமரத்தடியில் ராத்திரி முழுக்கப் பனியில் நின்றதில், நான் வெயில் பார்த்து அடித்த பெயிண்ட் அங்கங்கே பால் பூத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிச் சட்டத்தை நேராக்கி, மறுபடியும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். பானெட் நெல் மூட்டை மாதிரி இறங்குகிற வரைக்கும் திறந்து திறந்து மூடினேன். வண்டியை எடுக்கத் தங்கராசுதான் வந்தார். அவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை மூடிப் பார்த்தார். பிறகு, மேஜை மேல் கிடந்த அந்த அறுந்த கயிற்றை எடுத்து, "இது இங்க கெடக்கட்டும்ணே" என்று அவரே ஆணியில் மாட்டினார்.

சேகர் சொன்னபடி புதுக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சிங்கப்பூர் போனார். தவளையை விற்கவில்லை, புதுக் காருக்குப் பக்கத்தில் நின்றது. புதுக் காரின் சாவியை ஐயா தங்கராசுவின் கையில் கொடுத்தபோது, "கயிறு வச்சிருக்கியா?" என்று கேட்டாராம். தங்கராசு அதை எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். சிரித்தபடி முடித்ததில்லை.

இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. அடிபடாத பக்கத்தைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். சாவியைக் கையில் எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. கேட் மூடியிருந்தது, அவ்வளவுதான். ஒருத்தர் தன் பிழைப்பு போகிறதே என்ற பயத்தில் உங்கள் முன்னால் நின்றால், அவருக்காக இரக்கப்படுங்கள். அவருக்குச் சோறு போடுங்கள், கூடப் போய் நில்லுங்கள். வண்டியை மட்டும் கொடுக்காதீர்கள்.

அந்த ரயில்வே கேட் இப்போது இல்லை. மேம்பாலம் கட்டிவிட்டார்கள், நீங்களே தினமும் அதில் போய் வருகிறீர்கள். அந்த இடத்தில் இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், நிறுத்த வேண்டிய வண்டியை நம் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

கயிறு ஆணியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா